இறால் ஓடும் கடற்பாசியும் கன உலோகத்தைப் பிடிப்பது எப்படி?

பினாங்கில் இறால் ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஹொக்கியென் மீ என்னும் இறால் நூடுல்ஸ் விற்பவர்கள் இறாலின் தலையையும் ஓட்டையும் வறுத்து, நெடுநேரம் கொதிக்கவிட்டுச் சாறு இறக்குகிறார்கள். சாறு இறங்கியதும் மிஞ்சும் சக்கை குப்பைக்குப் போகிறது. நிபோங் திபால் பக்கத்தில் குளத்தில் வளர்த்த இறாலைத் தோலுரித்து உறைய வைக்கும் கூடங்களில் இந்தக் கழிவு இன்னும் அதிகம். வெயிலில் அரை நாள் கிடந்தாலே நாறத் தொடங்கிவிடும். அந்த ஓட்டுக்குள் இருக்கும் ஒரு பொருளை முறையாகப் பிரித்தெடுத்தால், தொழிற்சாலைக் கழிவுநீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் செம்பையும் ஈயத்தையும் அதனால் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். இத்தகைய பொருள்களை உயிரிப் பாலிமர்கள் என்கிறோம். உயிரினங்கள் தம் உடலைக் கட்டுவதற்காகத் தாமே உருவாக்கிக்கொண்ட, ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள் அவை. அவை உலோகத்தை எப்படிப் பிடிக்கின்றன, எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் கைவிடும் என்பதை வேதியியல் பின்புலம் இல்லாதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம், நிக்கல், செம்பு ஆகியவற்றைப் பொதுவாகக் கன உலோகங்கள் என்கிறோம். மற்ற மாசுகளிலிருந்து இவற்றை வேறுபடுத்துவது, இவை அழிவதே இல்லை என்பதுதான். சமையலறைக் கழிவுநீரில் உள்ள எண்ணெயையும் மாவுப்பொருளையும் நுண்ணுயிர்கள் உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். ஈயமோ ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் எந்த மருந்தாலும் அதை வேறொன்றாக மாற்ற முடியாது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். ஆற்றில் கலந்த உலோகம் சேற்றில் படிந்து, சேற்றிலிருந்து சிப்பிக்கும் மீனுக்கும் போய், அங்கிருந்து நம் தட்டுக்கு வந்து சேர்கிறது. 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட நோய் இவ்வழியாகத்தான் வந்தது: ஆலையிலிருந்து விரிகுடாவில் விடப்பட்ட பாதரசம் மீன்களில் சேர்ந்து, அவற்றை உண்டவர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972-இல் தொடங்கியது. அதற்கு முன்பின்னாகத் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்தில் பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்தது. அதே 1970களில் ஜூரு ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த கோலா ஜூரு மீனவர்கள், தங்கள் வலையில் மீன் குறைந்ததற்கு ஆற்றில் கலக்கும் ஆலைக் கழிவே காரணம் என்று குரல் எழுப்பினார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. சார் குவே தியோ என்னும் வறுத்த நூடுல்ஸில் நாம் விரும்பித் தின்னும் கெராங் சிப்பி, சேற்றுப் பரப்பில் வாழ்ந்து நீரை வடிகட்டி உண்ணும் உயிர். அதனால்தான் ஒரு கரையோரத்தில் உலோகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் முதலில் அதன் சதையைச் சோதிக்கிறார்கள்.

மின்சுற்றுப் பலகை செய்யும் ஆலையில் பலகையின் மீதுள்ள செம்புத் தகட்டைத் தேவையான இடத்தில் மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் கரைத்தெடுக்கிறார்கள். முலாம் பூசும் பட்டறையில் நிக்கலும் குரோமியமும் தொட்டிகளில் கரைசலாக நிற்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பொருளைக் கழுவ வேண்டும். கழுவிய நீர்தான் கழிவுநீர். இந்த நீரை அப்படியே வெளியே விட முடியாது. மலேசியாவின் 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியில் வெளியேற்றினால் ஒரு லிட்டரில் செம்பு 0.2 மில்லிகிராமுக்கும் ஈயம் 0.1 மில்லிகிராமுக்கும் காட்மியம் 0.01 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் வரம்பு சற்றுத் தளர்வானது. குடிநீரைப் பொறுத்தவரை உலகச் சுகாதார நிறுவனம் ஈயத்துக்கு வகுத்துள்ள அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான்.

ஆலைகள் பெரும்பாலும் கையாளும் வழி வீழ்படிவாக்கல். சுண்ணாம்பையோ காஸ்டிக் சோடாவையோ சேர்த்து நீரின் பிஎச் அளவை, அதாவது அமில-கார நிலையைக் காட்டும் எண்ணை, உயர்த்தினால், கரைந்திருந்த உலோகம் ஹைட்ராக்சைடாக மாறித் திட்டுத்திட்டாகப் படியும். மலிவான, பழகிப்போன முறை. உலோகம் மிகுதியாக இருக்கும்போது இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஆனால் ஒவ்வோர் உலோகத்துக்கும் ஏற்ற பிஎச் அளவு வெவ்வேறானது. குரோமியத்துக்கு ஏற்ற அளவில் நிறுத்தினால் நிக்கல் முழுவதும் படியாது. நிக்கலுக்காக மேலும் உயர்த்தினால் படிந்த குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். அடியில் தங்கும் கசடோ 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு, அதாவது தனிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அபாயக் கழிவு; அதைச் சேர்த்து வைத்து, உரிமம் பெற்றவரிடம் கட்டணம் கொடுத்து ஒப்படைத்தாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் உலோகம் நீரிலேயே தங்கிவிடுவதுண்டு. அந்த மிச்சத்தை எடுப்பதுதான் உண்மையில் கடினமான வேலை. உயிரிப் பாலிமருக்கு உரிய இடமும் அதுவே என்பது என் கருத்து. முதல் கட்டத்திலேயே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, நல்ல பொருளைத் தவறான வேலைக்கு வைப்பதாகும்.

இனி இறால் ஓட்டுக்கு வருவோம். ஓட்டில் மூன்று முக்கியப் பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன: சுண்ணாம்பு எனப்படும் கால்சியம் கார்பனேட், புரதம், கைட்டின். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் போய்விடும். எஞ்சும் வெளிறிய மெல்லிய செதில்தான் கைட்டின். பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்ரி பிராகொனோ 1811-இல் இதை முதன்முதலாகக் காளானிலிருந்து பிரித்தெடுத்தார். கைட்டினுக்கு உலோகத்தைப் பிடிக்கும் ஆற்றல் குறைவு. ஏனெனில் அதன் சங்கிலியில் வரிசையாக உள்ள நைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றின் மீதும் அசிட்டைல் தொகுதி என்னும் சிறு அணுக்கூட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டு அவற்றை மறைத்திருக்கிறது. மிக அடர்த்தியான காஸ்டிக் சோடாவில், ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காட்டுக் கரைசலில், சூடாக்கினால் பெரும்பாலான அசிட்டைல் தொகுதிகள் கழன்றுவிடும். இப்போது கிடைப்பது கைட்டோசான்.

அசிட்டைல் கழன்ற இடத்தில் வெளிப்படுவது அமீன் தொகுதி, அதாவது ஒரு நைட்ரஜனும் அதனோடு சேர்ந்த இரண்டு ஹைட்ரஜன்களும். அந்த நைட்ரஜனிடம் எந்தப் பிணைப்பிலும் ஈடுபடாத ஓரிணை எலக்ட்ரான்கள் உள்ளன. நீரில் கரைந்த செம்பு நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாக அலைகிறது; எலக்ட்ரான் இணையைத் தரக்கூடியவற்றோடு சேர்வது அதன் இயல்பு. ஆகவே கைட்டோசானை அடைந்ததும் செம்பு அயனி நைட்ரஜனின் எலக்ட்ரான் இணையைப் பங்கிட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. இப்படிக் கரைசலில் உள்ள ஒரு பொருள் திடப்பொருளின் பரப்பில் வந்து பற்றிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்பர். சோடியம் போன்ற எளிய அயனிகளுக்கு நைட்ரஜனோடு இத்தகைய ஈடுபாடு இல்லை. கழிவுநீரில் உப்பு ஏராளமாக இருந்தாலும் கைட்டோசான் செம்பைத் தேடிப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு பிடிக்கும்? பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வான் சைமி வான் ஙாவும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் ஒரு கிராம் கைட்டோசான் மணிகள் ஏறத்தாழ 80 மில்லிகிராம் செம்பைப் பிடித்தன. இந்த எண்ணைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். அசிட்டைல் முழுவதும் நீங்கிய கைட்டோசானின் ஒரு கிராமில் ஏறக்குறைய 6.2 மில்லிமோல் அமீன் தொகுதிகள் இருக்கும் (மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணிக்கையாக அளக்கும் அலகு). 80 மில்லிகிராம் செம்பு என்பது சுமார் 1.26 மில்லிமோல். அதாவது தோராயமாக ஐந்து அமீன்களுக்கு ஒரு செம்பு அயனிதான் சேர்ந்திருக்கிறது. சில நைட்ரஜன்களில் அசிட்டைல் இன்னும் ஒட்டியிருக்கும். ஒரே செம்பு அயனி ஒன்றுக்கு மேற்பட்ட அமீன்களைப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. மேலும், சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பகுதிகளுக்குள் நீரே எளிதில் புகாது. கைட்டோசானைப் பொடியாக அரைப்பதும், நுண்துளைகள் கொண்ட மணிகளாக்குவதும், களிமண்ணோடு கலப்பதும் இந்த எட்டாத இடங்களை எட்டச் செய்யும் முயற்சிகளே.

கைட்டோசானுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. வினிகரின் அமிலமான அசிட்டிக் அமிலத்திலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் அது கரைந்துபோகும். ஆலைக் கழிவுநீரோ பல நேரங்களில் அமிலமாகவே வரும். அதனால் சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைத்து உறுதியாக்குகிறார்கள். இது குறுக்குப் பிணைப்பு. உறுதி கிடைக்கும், ஆனால் அதற்கு விலை உண்டு. குளுட்டரால்டிஹைடு போன்ற பிணைப்பான்கள் அமீன் தொகுதிகளோடுதான் சேர்கின்றன, உலோகத்தைப் பிடிப்பவையும் அதே அமீன்களே. மேற்சொன்ன ஆய்வில் குறுக்குப் பிணைப்புக்குப் பிறகு பிடிக்கும் அளவு 80-இலிருந்து ஏறக்குறைய 60 மில்லிகிராமாக இறங்கியது. ஆனாலும் அந்த அமிலங்களில் கரையாத 60, அடுத்த முறை கரைந்து ஓடிவிடும் 80-ஐவிட மேலானது.

இரண்டாவது பொருள் ஆல்ஜினேட். இது பழுப்புநிறக் கடற்பாசியின் செல்சுவரில் இருப்பது. பெருநாள் பலகாரமாக நாம் செய்யும் அகார் அகார் சிவப்புப் பாசியிலிருந்து வருவது, அது வேறு. ஆல்ஜினேட்டில் அமீனுக்குப் பதிலாக எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சில் தொகுதிகள் உள்ளன. கால்சியம் போன்ற இரட்டை மின்னூட்ட அயனி வந்தால், மடிப்பு மடிப்பாக அமைந்த இரு சங்கிலிகள் எதிரெதிரே நின்று நடுவிலுள்ள குழிகளில் அதைப் பொதிந்துகொள்ளும். முட்டைப் பெட்டியில் முட்டை அமர்ந்திருப்பதைப் போன்ற அமைப்பு என்பதால் வேதியியலாளர்களும் முட்டைப் பெட்டி மாதிரி என்றே இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஈயம் வந்தால் கால்சியம் வெளியேறி அந்த இடத்தை விட்டுக்கொடுக்கும்.

ஈயத்துக்குப் பதிலாகச் செம்பை வைத்து இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யத்தக்க சோதனை இது. செம்பு சல்பேட் நச்சுப் பொருள் என்பதால் வீட்டில் செய்ய வேண்டாம். சோடியம் ஆல்ஜினேட்டை நூறு பங்கு நீரில் இரண்டு பங்கு என்ற கணக்கில் கரைத்தால் கெட்டியான, தேன் பதக் கரைசல் கிடைக்கும். அதை ஊசியற்ற சிரிஞ்சில் எடுத்து, கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் ஒரு விரல் நீளம் மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த கணத்தில் சொட்டின் வெளிப்புறம் உறைந்து மணியாகும். மிகத் தாழ்வாகப் பிடித்தால் மணிக்கு வால் முளைக்கும். அரை மணி நேரம் ஊறிய பிறகு கழுவி, வெளிர்நீலச் செம்பு சல்பேட் கரைசலில் போட்டால், நிறமற்ற மணியின் விளிம்பு முதலில் நீலம் பூக்கும். பத்து நிமிடத்தில் ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டிப் பார்த்தால் ஓரம் நீலமாகவும் நடுப்பகுதி நிறமற்றும் இருப்பது தெரியும். செம்பு வெளியிலிருந்து மெல்ல உள்ளே ஊடுருவுகிறது, அதற்கு நேரம் வேண்டும் என்பது அந்த ஒரு வெட்டில் விளங்கிவிடும். மறுநாள் பார்த்தால் மணி முழுவதும் நீலம். சுற்றியிருந்த நீரின் நீலம் வெளுத்திருக்கும்.

ஆல்ஜினேட்டின் விருப்ப வரிசை தெளிவாக அறியப்பட்டது. ஈயத்தை அது மிக இறுக்கமாகப் பிடிக்கும். அடுத்து செம்பு, அதற்கடுத்து காட்மியம். கால்சியம் அதற்கும் கீழே. நிக்கலும் துத்தநாகமும் கால்சியத்துக்கும் கீழே நிற்கின்றன. இதிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்று கிடைக்கிறது: சுண்ணாம்பு சேர்த்துச் சுத்திகரித்த, கால்சியம் நிறைந்த நீரிலிருந்து ஈயத்தை எடுக்க ஆல்ஜினேட் உதவும், நிக்கலை எடுக்க அவ்வளவாக உதவாது. எந்தப் பாலிமர் சிறந்தது என்ற பொதுவான கேள்விக்கு விடையே இல்லை. எந்த உலோகம், எந்த நீர் என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

மூன்றாவதாகச் செல்லுலோஸ். செம்பனைக் குலையின் வெற்று நார், ரப்பர் மரத்தூள், தேங்காய் மட்டை என்று நம் நாட்டில் இது மலையாகக் கிடைக்கிறது. விலை ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் உலோகத்தைத் தளர்வாகவே பிடிக்கும். சிட்ரிக் அமிலம் போன்றவற்றால் பக்குவப்படுத்திக் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்றினால்தான் குறிப்பிடத்தக்க பயன் உண்டு.

எந்தப் பாலிமராக இருந்தாலும் அதன் போக்கை நிர்ணயிப்பது நீரின் பிஎச் அளவு. அமிலத்தன்மை மிகுந்தால் நீரில் ஹைட்ரஜன் அயனிகள் பெருகி, அமீனையும் கார்பாக்சிலையும் அவையே முதலில் பிடித்துக்கொள்ளும். செம்புக்கு இடம் இராது. பிஎச் 5 முதல் 6 வரை செம்புக்கு ஏற்ற நிலை. அதற்கு மேல் போனால் செம்பு தானாகவே ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்குவதால், பாலிமர் பிடித்தது எவ்வளவு, வெறுமனே படிந்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. மிக உயர்ந்த எண்களைக் காட்டும் ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, எந்தப் பிஎச் அளவில் சோதித்தார்கள் என்பதைத்தான். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கு விதி தலைகீழ். அது எதிர்மின்னூட்டம் கொண்ட குரோமேட் வடிவில் இருப்பதால், அமில நிலையில் நேர்மின்னூட்டம் பெற்ற அமீன்கள் அதை ஈர்க்கின்றன. ஆர்செனிக்குக்கு இந்த வழிகள் பெரிதும் போதா. இரும்பு ஏற்றிய கைட்டோசானோ ஆல்ஜினேட்டோ தேவைப்படும். பாதரசத்துக்குக் கந்தகம் கொண்ட தொகுதிகளைச் சேர்ப்பது நல்லது, ஏனெனில் பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிணைப்பு மிக வலுவானது.

ஓர் ஆலையின் அளவில் கணக்கிட்டுப் பார்ப்போம். வீழ்படிவாக்கலுக்குப் பிறகு நாளொன்றுக்கு 50,000 லிட்டர் நீர் வருகிறது, அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் செம்பு மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.2 மில்லிகிராமுக்கு இறக்க வேண்டுமானால் ஒரு நாளில் பிடிக்க வேண்டியது 240 கிராம் செம்பு. ஒரு கிராமுக்கு 80 மில்லிகிராம் என்ற கணக்கில் 3 கிலோ கைட்டோசான் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 80 என்பது அடர்த்தியான கரைசலில், பாலிமர் நிறைந்து வழியும் நிலையில் கிடைத்த உச்ச அளவு. கரைசலில் செம்பு குறையக் குறையப் பாலிமர் பிடிக்கும் அளவும் குறையும். 20 மில்லிகிராமாக இறங்கினால் தேவை 12 கிலோவாகிவிடும். விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கும் ஆலையில் வாங்க வேண்டிய மூட்டைக்கும் இடையிலுள்ள இந்த நான்கு மடங்கு வேறுபாட்டை யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மின்சுற்றுப் பலகை ஆலை நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. செம்பு படிந்துவிடாமல் கரைசலிலேயே இருக்கட்டும் என்பதற்காக இடிடிஏ, அம்மோனியா போன்ற வேதிப்பொருள்களை உற்பத்தியின்போதே சேர்க்கிறார்கள். அவை செம்பை நாற்புறமும் சூழ்ந்து பிடித்திருப்பதால் சுண்ணாம்புக்கும் அது எளிதில் அகப்படாது, பாலிமருக்கும் அகப்படாது. தூய நீரில் செம்பு சல்பேட்டை மட்டும் கரைத்துச் செய்த சோதனையின் வெற்றியை இத்தகைய நீருக்கு அப்படியே பொருத்திப் பேசக் கூடாது.

நடைமுறையில் மணிகளை நெடிய குழாயில் நிரப்பி, நீரை அதன் வழியே மெதுவாகச் செலுத்துவார்கள். பொடியை நிரப்பினால் அடைத்துக்கொள்ளும் என்பதால்தான் மணி. முதலில் நீர் நுழையும் பக்கத்து மணிகள் நிறையும், பிறகு அடுத்தவை. கடைசி வரிசை நிறையத் தொடங்கும்போது வெளிவரும் நீரில் உலோகம் தலைகாட்டும். அதற்கு முன்பே குழாயை நிறுத்தி, நீர்த்த அமிலத்தையோ இடிடிஏ கரைசலையோ சிறிதளவு செலுத்தினால், பிடித்த உலோகத்தை மணிகள் விட்டுவிடும். ஆயிரக்கணக்கான லிட்டரில் சிதறிக் கிடந்த செம்பு இப்போது சில லிட்டரில் அடர்ந்திருக்கும். மின்னாற்பகுப்பின் மூலம் அதை உலோகத் தகடாகவே மீட்கலாம். என்னைக் கேட்டால், இம்முறையின் மதிப்பை இந்தக் கட்டத்தை வைத்தே எடைபோட வேண்டும். மீட்கவும் முடியாமல், மணிகளை மறுபடி பயன்படுத்தவும் முடியாமல் போனால், உலோகம் ஏறிய மணிகளும் அட்டவணையிடப்பட்ட கழிவாகவே கணக்கில் சேரும். மாசு நீரிலிருந்து மூட்டைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இறால் ஓட்டைக் கைட்டோசானாக்குவதற்கே நிறைய அமிலமும் காரமும் கழுவும் நீரும் செலவாகின்றன. அந்தக் கழிவையும் முறையாகக் கையாண்டால்தான் பசுமைத் தொழில்நுட்பம் என்ற பெயர் இதற்குப் பொருந்தும்.

இதைப் படித்துவிட்டு வீட்டு நீர்த்தொட்டியில் இறால் ஓட்டைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். போடக் கூடாது. பதப்படுத்தாத ஓட்டிலுள்ள புரதம் அழுகிக் கிருமிகளுக்கு உணவாகும். கடைகளில் உணவுத் துணைப்பொருளாக விற்கும் கைட்டோசான் பொடியும் இதற்கானதன்று. பொடி நீரில் மிதக்க, அது பிடித்த உலோகத்தையும் சேர்த்தே குடிக்க நேரும். வீட்டுக் குழாய் நீரில் ஈயம் வருவது பெரும்பாலும் பழைய பற்றவைப்பிலிருந்தும் பித்தளைப் பொருத்திகளிலிருந்தும்தான். இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் சற்று ஓடவிட்டு, அதைச் செடிக்கோ கழுவுவதற்கோ பயன்படுத்திக்கொண்டு, பிறகு வருவதைக் குடிப்பதற்குப் பிடிக்கலாம். சந்தேகம் தீர வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு புட்டி நீரைச் சோதிக்கக் கொடுப்பதே வழி. அப்போது ஓடவிட்ட நீரோடு, காலையில் முதலில் வரும் நீரையும் தனிப் புட்டியில் பிடித்துக் கொடுக்க வேண்டும், ஏனெனில் ஈயம் இருந்தால் அதில்தான் அதிகம் இருக்கும்.